மனநோய்க்கு மருத்துவக் காப்பீடு: 21(4) வந்த பிறகும் கிளெய்ம் ஏன் திரும்பி வருகிறது?

நெய்தல்நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதில் பிரிவு 21(4) ஒரே வாக்கியம்தான்: உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறதோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் வழிசெய்ய வேண்டும். அந்த ஆண்டே ஆகஸ்ட் 16-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உடனே பின்பற்றச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. 2022 அக்டோபர் 18-ல் மறுபடியும் ஒன்று, அந்த மாதம் 31-க்குள் எல்லா பாலிசியிலும் மனநோய் இடம்பெற வேண்டும் என்று. ஒரே விஷயத்தை நாலு வருஷம் கழித்துத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், நடுவில் எப்படி நடந்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம்.

இப்போது "மனநோய்க்குக் கிடையாது" என்று யாரும் நேராக எழுதிக் கொடுப்பதில்லை. ஆனாலும் கிளெய்ம் திரும்புகிறது. எந்த ஷரத்தைக் காட்டித் திரும்புகிறது, அதை எப்படி எதிர்கொள்வது, அடுத்து எதைக் கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும் என்பதே இந்த இழை. சொந்தக் கதை, நோயாளி பெயர், ஆஸ்பத்திரி பெயர் எதுவும் வேண்டாம். காகிதத்தைப் பேசுவோம்.

---

ஷரத்துச்சாமி

நல்ல தலைப்பு. முதலில் அடித்தளம்.

2019 செப்டம்பர் 27 அன்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்குகளை ஒழுங்குபடுத்தியது. எதையெல்லாம் பாலிசியில் விலக்கவே கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் மனநோய், மன அழுத்தம், உளவியல் கோளாறு எல்லாம் வந்துவிட்டன. எதையெல்லாம் விலக்கலாம் என்பதற்கு ஒரே மாதிரியான வாசகமும் குறியீடும் கொடுத்தது: எக்ஸ்க்ளூஷன் 01 முதல் 18 வரை. உங்கள் பாலிசிப் புத்தகத்திலும் அதே எண்தான் இருக்கும். மனநல கிளெய்ம்கள் மாட்டுவது பெரும்பாலும் நாலே எண்ணில்:

01: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்.
04: பரிசோதனைக்காக மட்டும் அட்மிஷன்.
05: ஓய்வு, மறுவாழ்வு, பராமரிப்புக்கான அட்மிஷன்.
12: மது, போதைப் பழக்கச் சிகிச்சை.

நிராகரிப்புக் கடிதத்தில் இந்த எண் இல்லையென்றால் முதல் வேலை, அதை எழுத்தில் கேட்டு வாங்குவது. 2024 மே 29 தேதியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி, நிறுவனத்தின் கிளெய்ம் ரிவ்யூ கமிட்டி ஒப்புதல் இல்லாமல் எந்த கிளெய்மையும் நிராகரிக்க முடியாது. எந்த ஷரத்தின்படி என்பதையும் கடிதத்தில் குறிப்பிட வேண்டும். "பாலிசி விதிமுறைகளின்படி இயலாது" என்று மொட்டையாக டி.பி.ஏ. (நிறுவனத்துக்காகக் கிளெய்மைக் கையாளும் இடைநிறுவனம்) அனுப்பும் மெயில் இதில் தேறாது.

தீர்ப்பு வேண்டுமென்றால் டில்லி உயர் நீதிமன்றம், 2021 ஏப்ரல் 19. மனநோயை விலக்கியிருக்கிறோம் என்று ஒரு பொதுத்துறை நிறுவனம் பணம் தர மறுத்த வழக்கு. சட்டம் அமலுக்கு வந்த நாளிலிருந்தே கடமை தொடங்கிவிட்டது, பழைய பாலிசிகளைத் திருத்தப் பின்னால் அவகாசம் கிடைத்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அதன் சாரம். கடிதத்தில் ஒரு வரி இதைக் குறிப்பிடுங்கள். இரண்டு பக்கம் எழுத வேண்டாம், படிக்க மாட்டார்கள்.

---

வார்டு_பதிவேடு

ஷரத்தைவிட டிஸ்சார்ஜ் சம்மரிதான் கிளெய்மைக் கொல்கிறது. அதிலும் முதல் மூன்று வரி.

நோயாளியை அழைத்து வரும் உறவினர் பதற்றத்தில், "அஞ்சு வருஷமாவே இப்படித்தான் டாக்டர், யார்கிட்டயும் பேச மாட்டா" என்பார். பயிற்சி மருத்துவர் அதை "ஐந்து ஆண்டுகளாக மனச்சோர்வு உள்ளவர்" என்று எழுதிவிடுவார். பாலிசிக்கு வயது இரண்டு. முடிந்தது கதை: 01, கூடவே தகவலை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு.

'பேச மாட்டாள்' என்பது குணத்தைப் பற்றிய வர்ணனை. விதியில் முன்பே இருந்த நோய் என்பதற்கு வரையறை உண்டு: பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் மருத்துவர் நோய் என்று கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்திருக்க வேண்டும், பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாதபோது உறவினர் சொன்ன ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது.

அதனால் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே சம்மரியின் வரைவை வாங்கிப் படியுங்கள். சரிபார்க்க வேண்டியவை: அறிகுறி எப்போது தொடங்கியது, நோய் என்று முதலில் எப்போது கண்டறியப்பட்டது (இரண்டும் தனித்தனியாக), அட்மிஷனுக்கு உடனடிக் காரணம், ஐ.சி.டி. (நோய்களுக்கான சர்வதேச) குறியீடு. உண்மைக்கு மாறாக எதையும் எழுதச் சொல்லாதீர்கள். பழைய மருந்துச் சீட்டு எங்காவது கிடைத்தால் அதோடு எல்லாம் போச்சு. தவறாக எழுதப்பட்டதை மட்டும், கையெழுத்தாகும் முன் திருத்தச் சொல்லுங்கள். பிறகு கொண்டுவரும் 'திருத்தக் கடிதம்' டி.பி.ஏ. கண்ணில் சந்தேகத்துக்குரிய பொருள்.

இன்னொரு வழக்கமான குழப்பம் அமிட்ரிப்டிலின் 10 மி.கி. ஒற்றைத் தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் இரவில் ஒன்று என்று கொடுப்பது சர்வசாதாரணம். பழைய சீட்டில் அதைப் பார்த்துவிட்டு, "மனச்சோர்வு மருந்து எடுத்திருக்கிறார், மறைத்துவிட்டார்" என்பார்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், எந்த நோய்க்கு எந்த அளவில் கொடுத்தேன் என்று ஒரு பத்தி லெட்டர்ஹெட்டில் வாங்கினால் தீர்ந்தது.

---

கரிசல்மண்

//தகவலை மறைத்தார் என்ற குற்றச்சாட்டு//

இதற்குக் காலக்கெடு இருக்கிறதா? பழைய பாலிசி ஒன்று ஏழாவது வருஷம் ஓடுகிறது. இப்போது போய்ப் பழைய விண்ணப்பத்தைக் கிளறுகிறார்களாம்.

---

ஷரத்துச்சாமி

இருக்கிறது. தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியாகிவிட்டால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு எதற்காகவும் 'மறைத்தார், தவறாகச் சொன்னார்' என்று கிளெய்மை மறுக்க முடியாது. முன்பு 96 மாதமாக இருந்தது, 2024-ல் குறைத்தார்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதே சீர்திருத்தத்தில் 48 மாதத்திலிருந்து அதிகபட்சம் 36 ஆனது. ஏழு வருஷம் என்றால் 60 மாதம் தாண்டிவிட்டது, கடிதத்தில் முதல் வரியாக அதை எழுதுங்கள். நடுவில் பாலிசி காலாவதியாகி விட்டுப்போயிருந்தால் மட்டும் கணக்கு முதலிலிருந்து.

---

கண்ணகி_கோவை

05 பற்றி யாரும் சொல்லவில்லையே. என் பார்வையில் மனநல கிளெய்முக்கு மிகப் பெரிய வில்லன் அதுதான்.

எலும்பு முறிவில் எக்ஸ்ரே பேசும். மனநோயில் அப்படிப் பேச எதுவும் இல்லை. "பன்னிரண்டு நாள் வார்டில் இருந்தார், மாத்திரை கொடுத்தோம், தூங்கினார்" என்று கேஸ் ஷீட் சொன்னால், "இதை வீட்டிலேயே செய்திருக்கலாமே, ஓய்வுக்கான அட்மிஷன்" என்பார்கள். முதல் நாலு நாள் மருந்து மாற்றாமல் எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. மட்டும் எடுத்திருந்தால் 04.

அட்மிஷன் தேவைப்பட்டது என்று காட்டும் காகிதங்கள் வேறு. மருந்து அளவு எந்தத் தேதியில் எவ்வளவு ஏறியது என்ற டிரக் சார்ட். லித்தியம் என்றால் ரத்த அளவு ரிப்போர்ட். குளோசபின் தொடங்கியிருந்தால் வெள்ளணு எண்ணிக்கை. தினசரி மனநிலைப் பரிசோதனைக் குறிப்பு. இதெல்லாம் இருந்தால் 'தீவிரச் சிகிச்சை நடந்தது' என்பது தானாக நிற்கும்.

இதைவிட வலுவான ஒன்றைப் பலர் இணைப்பதே இல்லை. 2017 சட்டத்தின் பிரிவு 89-ன் கீழ் (நோயாளியின் பிரதிநிதி கேட்டு) அட்மிஷன் என்றால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ தனித்தனியாகப் பார்த்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்று பதிவு செய்தாக வேண்டும். மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் 7 நாளுக்குள் (பெண்கள், சிறார் என்றால் 3 நாளுக்குள்) தெரிவிக்க வேண்டும். சட்டப்படி இத்தனை பேர் பார்த்து 'உள்ளே இருந்தாக வேண்டும்' என்று எழுதிய ஒருவரை 'ஓய்வுக்கு வந்தவர்' என்று சொல்ல தைரியம் வேண்டும். அந்தப் படிவத்தின் நகல் நோயாளிக்கு உரிமை, பிரிவு 25. கேட்டு வாங்குங்கள்.

தானாக வந்து சேர்ந்தவர்களுக்கு (பிரிவு 86) இந்தப் படிவம் இருக்காது. அங்கே மருத்துவர் எழுதும் அட்மிஷன் குறிப்பு மட்டுமே கை கொடுக்கும்.

---

வார்டு_பதிவேடு

கண்ணகி மேடம் சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. சில டி.பி.ஏ. "கவுன்சலிங் குறிப்பு முழுவதும் வேண்டும்" என்று கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள். பிரிவு 23 ரகசியத்தைக் காக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரி, டிரக் சார்ட், பரிசோதனை முடிவு, தேவைப்பட்டால் சிகிச்சையளித்த மருத்துவரின் ஒரு பக்க விளக்கம், இவ்வளவு போதும். குடும்பத் தகராறும் பால்ய காலமும் கிளெய்ம் ஆபீசருக்கு எதற்கு?

---

அரசமர_நிழல்

நீங்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இந்த இழை முழுக்க, பாலிசி வாங்கும் வசதி உள்ளவர்களைப் பற்றியே ஓடுகிறது.

2015-16 தேசிய மனநல ஆய்வு (பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தியது, தமிழ்நாடும் அந்த 12 மாநிலங்களில் ஒன்று) என்ன சொன்னது? வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. இவர்களுக்கு எக்ஸ்க்ளூஷன் 05 என்றால் என்ன தெரியும்? இவர்களுக்கு வேண்டியது மாவட்ட மனநலத் திட்டத்தின் முகாம் தவறாமல் நடப்பது, தாலுகா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ரிஸ்பெரிடோன் தீராமல் இருப்பது. மருந்து ஒரு மாதம் இல்லையென்றால் பஸ் ஏறி மாவட்டத் தலைநகர் போக வேண்டும். இரண்டாம் முறையும் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பி வருவது அங்கேதான்.

சட்டத்திலேயே பிரிவு 18 இருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கும் வீடற்றவருக்கும் அட்டை இல்லாவிட்டாலும் இலவசச் சிகிச்சை. மாவட்டத்தில் அரசு சேவை இல்லையென்றால் அந்த மாவட்டத்திலேயே வேறு இடத்தில் பார்த்த செலவு அரசுடையது. 21(4)-க்குக் கோர்ட் படி ஏறியவர்கள் 18-க்கு ஏறினார்களா? ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியோடு எரிந்து செத்த 28 பேரிடம் பாலிசி இருக்கவில்லை.

---

நெய்தல்நிலவன்

அரசமரம் அண்ணா, கோபம் நியாயம். ஆனால் இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டுமா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் காப்பீடுதானே, குடும்பத்துக்கு 5 லட்சம்.

---

அரசமர_நிழல்

அந்த அட்டை அட்மிஷனுக்கு. புறநோயாளியாக மாதாமாதம் மருந்து வாங்குபவருக்கு அதில் என்ன? மனநோயில் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரியில் படுப்பதே இல்லை, தம்பி. படுக்காமல் பார்த்துக்கொள்வதே நல்ல சிகிச்சை. காப்பீடு மட்டும் "படு, அப்போதுதான் பணம்" என்கிறது.

---

ஷரத்துச்சாமி

இந்த இடத்தில் அரசமரம் சாரோடு முழுக்க ஒத்துப்போகிறேன். ஆனால் சட்ட வாசகத்தில் உள்ள பொறியையும் பார்க்க வேண்டும். 21(4) கேட்பது 'அதே அடிப்படை'. சர்க்கரை நோய்க்கும் ஓ.பி. செலவை சாதாரண பாலிசி தருவதில்லை. ஆக மனநோய்க்கும் தராதது பாகுபாடு ஆகாது என்று வாதிடுவார்கள், வாதம் நிற்கவும் செய்யும். சமத்துவம் என்ற சொல்லை வைத்தே ஓ.பி.யை வாங்க முடியாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

இருப்பதை வைத்துச் செய்யக்கூடியது: அட்மிஷனுக்கு முன் 30 நாள், பின் 60 நாள் (பாலிசிக்குப் பாலிசி மாறும்) ஆலோசனை, மருந்து, பரிசோதனைச் செலவைக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "வாரம் ஒருமுறை உளவியல் சிகிச்சை தொடர வேண்டும்" என்று எழுதியிருந்தால் அந்த ரசீதையும் சேர்த்து அனுப்புங்கள். எழுதியிருக்காவிட்டால் கிடைக்காது. பலர் அட்மிஷன் பில்லோடு நின்றுவிடுகிறார்கள்.

இ.சி.டி. (மின்அதிர்வுச் சிகிச்சை) விஷயம்: பிரிவு 95 மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் இ.சி.டி. கொடுப்பதைத் தடை செய்கிறது. ஆக சட்டப்படி கொடுத்த ஒவ்வொரு இ.சி.டி.யும் பொது மயக்கத்தில் நடப்பது, 24 மணி நேரத்துக்குள் முடிவது. பாலிசியின் டே-கேர் (ஒரே நாளில் முடியும் சிகிச்சை) வரையறையும் அதையே கேட்கிறது. "பட்டியலில் பெயர் இல்லை" என்றால் வரையறையைக் காட்டுங்கள், அனஸ்தீசியா பதிவை இணையுங்கள். ஆர்.டி.எம்.எஸ்.ஸுக்கு (காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் சிகிச்சை) இந்த வாதம் செல்லாது. மயக்கம் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்து போய்விடுகிறார், ஓ.பி. என்றே தள்ளுவார்கள்.

---

கண்ணகி_கோவை

12-ஐ விட்டுவிட்டோம். இதில் சட்டமே இரண்டு பக்கம் இழுக்கிறது.

2017 சட்டத்தின் மனநோய் வரையறையில், மது, போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளும் அடக்கம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. பட்டியலோ 12-ஆம் எண்ணில் அதை விலக்க அனுமதிக்கிறது. நாடாளுமன்றச் சட்டம் மேலா, ஒழுங்குமுறை அமைப்பின் வழிகாட்டுதல் மேலா? படித்தால் பதில் தெளிவு. ஆனால் கிளெய்ம் மேசையில் 12-தான் ஜெயிக்கிறது.

நடைமுறையில் சிக்குவது இரட்டை நோயறிதல். கடுமையான மனச்சோர்வில் சேர்ந்தவருக்குக் குடிப்பழக்கமும் இருக்கும். சம்மரியில் எஃப்10 (மதுவால் வரும் கோளாறு) முதலிலும் எஃப்32 (மனச்சோர்வு) அடுத்தும் வந்தால் மொத்த பில்லும் போகும். எதற்காகச் சேர்த்தார்கள், எதற்குச் சிகிச்சை நடந்தது என்பதை மருத்துவர் வரிசைப்படி, உள்ளபடி எழுத வேண்டும். மனச்சோர்வுக்கே சேர்த்திருந்தால் அது முதலில் வரட்டும். குடியை மறைக்கச் சொல்லவில்லை.

---

கரிசல்மண்

தற்கொலை முயற்சிக்குப் பிறகு ஐ.சி.யு. செலவு? "வேண்டுமென்றே தனக்கு ஏற்படுத்திக்கொண்ட காயம்" என்று ஒரு வரி பல பாலிசியில் இருக்கிறது.

---

ஷரத்துச்சாமி

அந்த வரி 18 எண்களில் இல்லை. நிறுவனம் தன் பங்குக்குச் சேர்த்தது. எதிர்க்க இரண்டு பிடி உண்டு. மனநலச் சட்டத்தின் பிரிவு 115: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே அனுமானிக்க வேண்டும். அந்த நிலையில் செய்ததை முழு மனதோடு 'வேண்டுமென்றே' செய்தது என்பது எப்படி? அடுத்து, சிலர் எக்ஸ்க்ளூஷன் 10, சட்டமீறல் என்பார்கள். பழைய தண்டனைச் சட்டத்தின் 309 போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தக் குற்றம் அப்படியே தொடரவில்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கச் செய்யும் முயற்சி மட்டும் பிரிவு 226-ல் இருக்கிறது. இரண்டு வாதமும் காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் ஆம்பட்ஸ்மேன் முன் வைக்கத் தக்கவை. வெற்றி உறுதி என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம். கிளெய்ம் பிறகு.

---

மூன்றாம்படி

புகார் வரிசையை யாரும் முழுதாகப் போடவில்லை. பலர் நேராகக் கன்ஸ்யூமர் கோர்ட் போய் ஆம்பட்ஸ்மேன் வழியை அடைத்துக்கொள்கிறார்கள். ஒரே விவகாரம் கோர்ட்டில் இருந்தால் அவர் எடுக்க மாட்டார்.

1. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாக. போனில் பேசியது கணக்கில் வராது.
2. கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா புகார்த் தளத்தில் பதிவு, அல்லது 155255. டோக்கன் எண்ணை எடுத்து வையுங்கள்.
3. ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். 50 லட்சம் வரை. கட்டணம் இல்லை, வக்கீல் கூடாது. தமிழ்நாடு, புதுச்சேரிக்குச் சென்னை அலுவலகம். அவார்டு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது.
4. அதன் பிறகும் கன்ஸ்யூமர் கமிஷன் திறந்தே இருக்கும். இரண்டு வருடக் கெடு. கட்டிய பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்டக் கமிஷனில் கட்டணம் இல்லை.

மருத்துவமனைப் பிரச்சினை ஒன்று தனி. பாலிசி வரையறை: பதிவு பெற்ற ஆஸ்பத்திரி, *அல்லது* 10 படுக்கை (10 லட்சம் மக்கள்தொகைக்கு மேல் 15), 24 மணி நேர டாக்டர், நர்ஸ், சொந்த ஆபரேஷன் தியேட்டர். மனநல மருத்துவமனையில் தியேட்டருக்கு எங்கே போவது? அந்த 'அல்லது' தான் முக்கியம். கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட் பதிவுச் சான்று, மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று, இரண்டின் நகலையும் முதல் நாளே வாங்குங்கள். மறுவாழ்வு இல்லங்களில் பலவற்றிடம் இரண்டாவது மட்டும் இருக்கும், சிலவற்றிடம் அதுவும் இருக்காது.

---

அரசமர_நிழல்

பாலிசியே இல்லாத தொழிலாளிக்கு ஒன்று. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் (சம்பள வரம்பு 21,000) மனநோய் என்றால் வேலையை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவிக்கான 34 நோய்களில் ஸ்கிசோஃப்ரீனியா, இருதுருவக் கோளாறு முதலானவை உண்டு. தினக்கூலியில் 80 சதவீதம், இரண்டு வருடம் வரை. இரண்டு வருடத் தொடர் வேலையும், முந்தைய நாலு பங்களிப்புக் காலத்தில் (தலா ஆறு மாதம்) 156 நாள் பங்களிப்பும் வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுத்த பிறகு இதைக் கேட்டு வருபவர்களே அதிகம்.

---

நெய்தல்நிலவன்

அரசமரம் அண்ணாவின் கேள்விக்கு வருகிறேன்: அடுத்து எதைக் கேட்பது? 2023 பிப்ரவரி 27-ல் மனநோய் உள்ளவர்களுக்கும் ஒரு பாலிசி ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொன்னது. கிளைக்குப் போய்க் கேட்டால் முகவருக்கே தெரியாது. எனக்குத் தோன்றும் வரிசை: 12-ஆம் எண்ணை நீக்குவது, ஓ.பி. ஆலோசனையைச் சேர்ப்பது, மனநோய்க்கு மட்டும் உள்வரம்பு (காப்பீட்டுத் தொகைக்குள் தனி உச்சவரம்பு) வைப்பதைத் தடுப்பது.

---

கண்ணகி_கோவை

வரிசையில் முதலில் நான் வைப்பது வேறு: மனநல கிளெய்ம் எத்தனை வந்தது, எத்தனை எந்த எண்ணில் திரும்பியது என்று நிறுவனவாரியாக வெளியிட வைப்பது. அது இல்லாமல் போனால் நாம் பேசுவதெல்லாம் தனித்தனிப் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள். பொதுத்துறை நிறுவனங்களும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யும் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகின்றன. 10 ரூபாய் மனு. கேள்வியை "கடந்த நிதியாண்டில் எஃப்00 முதல் எஃப்99 வரையிலான குறியீட்டில் பெறப்பட்ட, ஏற்கப்பட்ட, நிராகரிக்கப்பட்ட கிளெய்ம்கள், நிராகரிப்புக் குறியீடுவாரியாக" என்று இறுக்கமாகக் கேளுங்கள். 'மனநோய் கிளெய்ம் விவரம் தருக' என்றால் 'அவ்வாறு தொகுக்கப்படவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

---

அரசமர_நிழல்

அதேபோல பக்கத்து மேசைக்கும் தனியாக ஒரு மனு போடலாம்: மாவட்ட மனநலத் திட்டத்தில் ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் கடந்த 12 மாதத்தில் எந்த மனநல மருந்து எத்தனை நாள் இருப்பில் இல்லை. இணை இயக்குநர், மருத்துவப் பணிகள் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. மாதிரி வாசகத்தை நாளை இங்கேயே போடுகிறேன், மாவட்டத்துக்கு ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் என் பொறுப்பு.